பாதி அறிந்த பெயரைத் தேடுதல்: குறியிட்ட மூலபாடங்களை ஆராய்வோர்க்கு ஒரு விளக்கம்

1. முன்னுரை

திருமறையின் பழைய கையெழுத்துப் படிகளை ஆராய விரும்பும் மாணவர், முன்னாளில் அச்சிட்ட பதிப்புகளையும் நிழற்படங்களையுமே நம்பியிருக்க வேண்டியிருந்தது. இன்று அப்படிகளுள் பலவற்றின் பாடம் எழுத்துக்கு எழுத்தாகப் பெயர்த்தெழுதப்பட்டு, எக்ஸ்.எம்.எல். என்னும் குறியீட்டு முறையில் அமைக்கப்பட்டு, ஆராய்வோர் கைக்கு எட்டும் நிலையில் உள்ளது. பிரிட்டிஷ் நூலகம், லைப்சிக் பல்கலைக்கழக நூலகம், சீனாய் மலையின் புனித கத்தரீன் மடம், ரஷ்ய தேசிய நூலகம் ஆகிய நான்கும் ஒன்றுகூடி 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட சீனாய்ப் படியின் பெயர்த்தெழுத்து இதற்குச் சிறந்த சான்றாகும். ஜெர்மனியிலுள்ள மூன்ஸ்டர் நகரில் 1959-இல் நிறுவப்பெற்ற புதிய ஏற்பாட்டு மூலபாட ஆய்வு நிறுவனமும், சர்வதேச கிரேக்கப் புதிய ஏற்பாட்டுத் திட்டமும் இம்முறையையே கைக்கொண்டு வருகின்றன.

இவ்வாறு குறியிடப்பட்ட பாடங்கள் பல ஒரே தரவுத்தளத்தில் சேர்த்து வைக்கப்படும்போது, அவற்றிலிருந்து வேண்டியதை வினவிப் பெறலாம். ஆயின் வினவுவோர் முதற்கண் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு ஒன்றுண்டு. தாம் தேடும் பொருளுக்குப் பதிப்பாளர் இட்டிருக்கும் பெயர் யாது என்பது அவர்களுக்குச் சரியாகத் தெரிவதில்லை. பெயரின் முற்பகுதி நினைவில் நிற்கும், பிற்பகுதி மறந்திருக்கும். அல்லது பல பெயர்களுக்குப் பொதுவான ஈறு ஒன்று மட்டும் தெரிந்திருக்கும். பாதி அறிந்த பெயரைக் கொண்டு முழுமையாகத் தேடுவது எங்ஙனம்? அங்ஙனம் தேடிப் பெற்ற விடையை எத்துணை தூரம் நம்பலாம்? இவ்விரு வினாக்களையும் இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம். கணினித்துறையில் பயிற்சி இல்லாதவரும் அறிந்துகொள்ளுமாறு, மூலபாட ஆய்விலிருந்தே எடுத்துக்காட்டுகளைத் தருகிறோம்.

2. குறியிட்ட பாடம் என்பது யாது?

எக்ஸ்.எம்.எல். என்பது 1998-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் நியமமாக ஏற்கப்பட்ட குறியீட்டு முறை. அதில் பாடத்தின் ஒவ்வொரு பகுதியும் ஒரு தொடக்க ஒட்டுக்கும் ஒரு முடிவு ஒட்டுக்கும் இடையே அடைக்கப்படும். இவ்வாறு அடைக்கப்பட்ட பகுதியை உறுப்பு என்கிறோம். உறுப்புக்கு ஒரு பெயர் உண்டு. அப்பெயரே அப்பகுதி இன்னது என்று உரைப்பது. ஓர் உறுப்பினுள் வேறு உறுப்புகள் அடங்கும். நூலுக்குள் அதிகாரமும், அதிகாரத்துக்குள் வசனமும், வசனத்துக்குள் சொல்லும் அடங்குவதுபோல.

எந்தப் பெயரை வேண்டுமானாலும் இட்டுக்கொள்ள எக்ஸ்.எம்.எல். இடந்தருகிறது. ஆகையால் ஒவ்வொரு துறையினரும் தமக்கென ஒரு பெயர்த்தொகுதியை வகுத்துக்கொண்டுள்ளனர். இலக்கிய, வரலாற்று, சமய நூல்களைக் குறியிடுவோர் பெரிதும் பின்பற்றுவது உரைக் குறியீட்டு முயற்சி எனப்படும் டி.இ.ஐ. அமைப்பின் நெறிமுறைகளாகும். 1987-இல் அமெரிக்காவின் வாசர் கல்லூரியில் கூடிய அறிஞர் கூட்டத்தில் இம்முயற்சி தொடங்கிற்று. 1994-இல் இதன் மூன்றாம் பதிப்பும், 2002-இல் நான்காம் பதிப்பும், 2007-இல் ஐந்தாம் பதிப்பும் வெளிவந்தன. ஐந்தாம் பதிப்பில் 500-க்கு மேற்பட்ட உறுப்புப்பெயர்கள் வரையறுக்கப்பட்டுள்ளன. அத்தனை பெயர்களையும் மனனம் செய்தவர் எவருமிலர் என்று கூறின் மிகையாகாது. எனவே பாதி அறிந்த பெயரோடு தேடப் புகுவது அறியாமையின் அடையாளமன்று. இத்துறையின் இயல்பான நிலையே ஆகும்.

இதில் பொதிந்துள்ள பொறுப்பை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். மான்செஸ்டர் நகரத்து ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் உள்ளதும், 52 என்னும் எண்ணால் குறிக்கப்படுவதுமான பப்பைரஸ் துண்டு, யோவான் நற்செய்தியின் 18-ஆம் அதிகாரத்தில் 31 முதல் 33 வரையும், 37, 38 ஆகியவையுமான வசனங்களின் பகுதிகளைக் கொண்டது. 1935-இல் வெளியிடப்பெற்ற இத்துண்டு ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் உயரமும் 6 சென்டிமீட்டர் அகலமுமே உடையது. பக்கத்துக்கு ஏழு வரிகள் உள்ளன. அவற்றுள் ஒரு வரியேனும் முழுமையாக எஞ்சவில்லை. அச்சிட்ட பதிப்புகளில் நாம் காணும் முழு வரிகள், எஞ்சிய எழுத்துகளைச் சுற்றிப் பதிப்பாளர் நிரப்பித் தந்தவை. அச்சில் இவ்வேறுபாட்டைப் பகர அடைப்பு காட்டும். குறியிட்ட பாடத்தில் அதனைக் காட்டுவது உறுப்பின் பெயர். பதிப்பாளர் நிரப்பியதற்கு ‘சப்ளைட்’ என்றும், ஐயத்துக்கிடமாகத் தெரியும் எழுத்துக்கு ‘அன்கிளியர்’ என்றும், முற்றும் அழிந்த இடத்துக்கு ‘கேப்’ என்றும் டி.இ.ஐ. பெயரிட்டுள்ளது. எழுதினவன் கை எழுதியது எது, பதிப்பாளர் கருத்து நிரப்பியது எது என்னும் பிரிவினை இம்மூன்று பெயர்களைச் சார்ந்தே நிற்கின்றது. அப்பெயர்களைச் சரிவரத் தேடாதவர், பதிப்பாளரின் ஊகத்தைப் படியின் சான்றாக எண்ணிவிடுவர்.

3. வெறுமையான விடை

எக்ஸ்.எம்.எல். பாடங்களில் வேண்டிய உறுப்பைச் சுட்டிக் கேட்பதற்கென எக்ஸ்பாத் என்னும் மொழி 1999-இல் வகுக்கப்பட்டது. அதன் இரண்டாம் பதிப்பும், அதனை அடக்கிய எக்ஸ்குவெரி என்னும் வினவல் மொழியும் 2007-இல் வெளிவந்தன. எக்சிஸ்ட்-டிபி, பேஸ்எக்ஸ் முதலிய தரவுத்தளங்கள் இம்மொழிகளாலேயே வினவப்படுகின்றன.

இம்மொழிகளின் இயல்பு ஒன்றை முதலிலேயே மனத்தில் இருத்துதல் வேண்டும். இல்லாத ஒரு பெயரைத் தேடினால், பொதுவாகப் பிழை என்னும் எச்சரிக்கை வருவதில்லை. வெறுமையே விடையாக வரும். ‘சப்ளைட்’ என்பதில் ஓர் எழுத்தை விட்டு எழுதினும், எழுத்தின் வரிசையை மாற்றி எழுதினும், தரவுத்தளம் அதனைத் தவறென்று கருதாது. அப்பெயருடைய உறுப்பு ஒன்றுமில்லை என்று உரைத்து அமையும். அது கேட்ட வினாவுக்கு உண்மையான விடையே. ஆனால் வினவியவர் கேட்க எண்ணிய வினா வேறு. ‘இப்படியில் நிரப்பப்பட்ட இடம் உண்டா?’ என்று கேட்பதாக அவர் எண்ணினார். ‘இவ்வெழுத்துக்கோவையைப் பெயராக உடைய உறுப்பு உண்டா?’ என்பதையே அவர் உண்மையில் கேட்டார்.

ஒரு நூலில் ஒரு செய்தி கூறப்படாமையைக் கொண்டு வாதிடுதல் எத்துணை எச்சரிக்கையுடன் செய்யத்தக்கது என்பதை வரலாறு பயில்வோர் அறிவர். கணினியின் மௌனமும் அத்தகையதே. இல்லை என்று ஆய்வேட்டில் எழுதுமுன், அந்த இல்லாமை படியினுடையதா, நமது வினாவினுடையதா என்று பிரித்தறிதல் கடமையாகும். பெயரின் பகுதியைக் கொண்டு தேடும் முறைகளின் பயன் இங்கேதான் வெளிப்படுகின்றது.

4. பகுதியைக் கொண்டு தேடும் நான்கு வழிகள்

எக்ஸ்பாத் மொழியில் உடுக்குறி எந்தப் பெயருடைய உறுப்பையும் குறிக்கும். ஆயின் சில நூலகத் தேடற்கருவிகளில் செய்வதுபோல, பெயரின் பாதியை எழுதி அதன் இறுதியில் உடுக்குறியை ஒட்டுவதை இம்மொழி ஏற்பதில்லை. ஆகவே முதலில் எல்லா உறுப்புகளையும் உடுக்குறியால் அழைத்து, பிறகு அவற்றின் பெயரைச் சோதித்து வடிகட்டுதல் வேண்டும். உறுப்பின் பெயரைத் தருவது ‘லோக்கல்-நேம்’ என்னும் செயற்கூறு. அப்பெயரைச் சோதிக்கும் வழிகள் நான்கு.

முதலாவது, ‘ஸ்டார்ட்ஸ்-வித்’. பெயர் இன்ன எழுத்துகளில் தொடங்குகிறதா என்று இது பார்க்கும். இரண்டாவது, ‘கன்டெய்ன்ஸ்’. பெயரின் எவ்விடத்திலேனும் அவ்வெழுத்துகள் உள்ளனவா என்று பார்க்கும். இவ்விரண்டும் 1999-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே உண்டு. மூன்றாவது, ‘எண்ட்ஸ்-வித்’. பெயரின் ஈற்றைச் சோதிக்கும் இது 2007-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே சேர்க்கப்பட்டது. பழைய பதிப்பை மட்டும் அறிந்த கருவிகளில், பெயரின் நீளத்தைக் கணக்கிட்டு இறுதி எழுத்துகளை வெட்டியெடுத்து ஒப்பிட வேண்டியிருக்கும். நான்காவது, ‘மேட்சஸ்’. இதுவும் 2007-இல் வந்ததே. எழுத்துகளை மட்டுமன்றி அவற்றின் அமைப்பையும் இதனால் கூறலாம். இன்ன எழுத்தில் தொடங்கி, நடுவில் எது வரினும், ஓர் எண்ணில் முடியும் பெயர் என்பதுபோல.

இவற்றுள் மூன்றாவதைக் கொண்டு, ‘நேம்’ என்று முடியும் உறுப்புகளையெல்லாம் கேட்கும் வினா பின்வருமாறு அமையும். இங்கே தமிழ் எழுத்தில் தருவதைக் கணினியில் ஆங்கில எழுத்தில் இடுதல் வேண்டும்:

//*[எண்ட்ஸ்-வித்(லோக்கல்-நேம்(), 'நேம்')]

இரண்டு சாய்கோடுகள் பாடத்தின் எந்த ஆழத்திலும் தேடுக என்பதையும், உடுக்குறி எந்த உறுப்பாயினும் ஆகுக என்பதையும், பகர அடைப்பினுள் இருப்பது நிபந்தனையையும் குறிக்கின்றன. டி.இ.ஐ. முறைப்படி குறியிட்ட பாடத்தில் இவ்வினா ஆட்பெயரைக் குறிக்கும் ‘பெர்ஸ்நேம்’, இடப்பெயரைக் குறிக்கும் ‘பிளேஸ்நேம்’, நிறுவனப்பெயரைக் குறிக்கும் ‘ஆர்க்நேம்’, மலை, ஆறு முதலியவற்றைக் குறிக்கும் ‘ஜியாக்நேம்’, பதவியைக் குறிக்கும் ‘ரோல்நேம்’ ஆகியவற்றை ஒருசேரக் கொணரும். ஒவ்வொன்றையும் தனித்தனியே அறிந்திராதவர்க்கும் ஈற்றெழுத்துகளே வழிகாட்டியாகின்றன.

5. மிகையும் குறையும்

பகுதியைக் கொண்டு தேடுவதில் இருவகைத் தீங்கு நேரலாம். வேண்டாதவை வந்து சேர்வது ஒன்று. வேண்டியவை விடுபடுவது மற்றொன்று.

முன்னதைக் காண்போம். ஒரு படியில் பிற்காலத்துக் கை சேர்த்தெழுதிய சொற்களைத் தேட விரும்புகிறோம். அதற்குரிய உறுப்பின் பெயர் ஏ, டி, டி என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்குவது நினைவில் இருக்கின்றது. அவ்வாறு தொடங்கும் பெயர்கள் டி.இ.ஐ. தொகுதியில் ஏழேனும் உள்ளன. அவற்றுள் சேர்க்கையை நேரே குறிப்பவை ‘ஆட்’, ‘ஆட்ஸ்பான்’ என்னும் இரண்டே. ‘அடிஷன்ஸ்’ என்பது படியின் வருணனையில் ஓரக்குறிப்புகளைப் பற்றிப் பேசும் பகுதி. ‘அடிஷனல்’ என்பது படியைப் பற்றிய ஏனைய செய்திகளுக்கு உரியது. ‘ஆட்நேம்’ என்பது ஒருவரின் சிறப்புப்பெயர். எஞ்சிய இரண்டும் அஞ்சல் முகவரியைச் சார்ந்தவை! தேடியவற்றின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து, இத்தனை சேர்க்கைகள் உள்ளன என்று எழுதுபவர், முகவரிகளையும் கையெழுத்துப் படியின் திருத்தங்களோடு கூட்டியவராவார்.

இன்னும் நுட்பமான எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. அமெரிக்க வேதாகமச் சங்கமும் விவிலிய இலக்கியச் சங்கமும் ஆதரித்து உருவாக்கிய ஓசிஸ் என்னும் திருமறைக் குறியீட்டு முறையில், நூலின் பிரிவுகளைக் குறிக்கும் உறுப்பு ‘டிவ்’ எனப்படும். டி.இ.ஐ. முறையிலோ ‘டிவ்’ என்பதோடு, எண்கள் சேர்ந்த ‘டிவ்1’ முதல் ‘டிவ்7’ வரையிலான பெயர்களும் வழங்குகின்றன. இரு முறைகளிலும் அமைந்த பாடங்கள் ஒரே தரவுத்தளத்தில் இருப்பின், டி, ஐ, வி என்னும் எழுத்துகளில் தொடங்கும் பெயர்களைத் தேடுதல் எளிய வழியெனத் தோன்றும். ஆனால் ஓசிஸ் முறையில் இறைவனின் திருப்பெயரைக் குறிக்கும் ‘டிவைன்நேம்’ என்னும் உறுப்பும் அம்மூன்று எழுத்துகளிலேயே தொடங்குகின்றது. பிரிவுகளைத் தேடினவர் திருப்பெயர் வரும் இடங்களையெல்லாம் சேர்த்து எண்ண நேரும். இங்கே நான்காம் வழியாகிய ‘மேட்சஸ்’ துணைபுரிகின்றது. டி, ஐ, வி என்று தொடங்கி, அதன்பின் 0 முதல் 7 வரை ஓர் எண் இருக்கலாம் அல்லது இல்லாதிருக்கலாம், அதற்குமேல் எதுவும் இருத்தல் கூடாது என்று வரையறுத்தால், திருப்பெயர் விலகிப் பிரிவுகள் மட்டும் எஞ்சும். சுழியத்தையும் சேர்த்துக் கூறுவதற்குக் காரணம், நான்காம் பதிப்பில் இருந்த ‘டிவ்0’ என்பது ஐந்தாம் பதிப்பில் நீக்கப்பட்டிருப்பினும் பழைய பாடங்களில் இன்னும் காணப்படலாம் என்பதே.

இனி, விடுபடுதலை நோக்குவோம். இதுவே அதிகக் கேடு விளைப்பது. ஏனெனில் மிகையாக வந்தது கண்ணுக்குத் தெரியும், விடுபட்டது தெரியாது. ‘நேம்’ என்று முடியும் பெயர்களைத் தேடியபோது நாடு, ஊர், வட்டாரம் ஆகியவற்றைக் குறிக்கும் ‘கன்ட்ரி’, ‘செட்டில்மென்ட்’, ‘ரீஜன்’ என்னும் உறுப்புகள் கிட்டமாட்டா. பெயரைச் சுட்டாமல் ஒருவரை வேறு சொல்லால் குறிக்குமிடத்துக்கு உரிய ‘ஆர்.எஸ்.’ என்னும் ஈரெழுத்து உறுப்பும் கிட்டாது. பொருளால் உறவுடைய இவை எழுத்தால் உறவுடையன அல்ல. மேலே கூறிய ‘சப்ளைட்’, ‘அன்கிளியர்’, ‘கேப்’ என்னும் மூன்றின் நிலையும் இதுவே. இவற்றை ஒருங்கே கொணரும் பொது எழுத்துக்கோவை எதுவுமில்லை. ஒன்றின் பெயரை அறிந்தவர் அதனைக் கொண்டு மற்றவற்றை ஊகித்தல் இயலாது. பெயரின் பகுதியைக் கொண்டு தேடுவது எழுத்தின் ஒப்புமையைக் காட்டுமேயன்றிப் பொருளின் ஒப்புமையைக் காட்டாது என்பதை எக்காலும் மறவாதிருத்தல் நலம்.

மேலும், சில முறைகளில் வேறுபாட்டை உணர்த்துவது உறுப்பின் பெயராகவே இராது. வேதாகமச் சங்கங்கள் மொழிபெயர்ப்புப் பணியில் வழங்கும் யு.எஸ்.எக்ஸ். என்னும் முறையில் உறுப்புப்பெயர்கள் மிகச் சிலவே. செய்யுள் வரியா, தலைப்பா, உரைநடைப் பத்தியா என்பது உறுப்போடு சேர்ந்துவரும் ‘ஸ்டைல்’ என்னும் பண்பின் மதிப்பில் பொதிந்திருக்கும். அத்தகைய பாடத்தில் பெயரைச் சோதிக்கும் அதே நான்கு வழிகளையும் பண்பின் மதிப்பைச் சோதிக்கப் பயன்படுத்துதல் வேண்டும்.

6. எழுத்தின் அளவும் பெயர்வெளியும்

ஆங்கிலத்தின் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் எக்ஸ்.எம்.எல். முறையில் வெவ்வேறு எழுத்துகளாகவே கருதப்படும். டி.இ.ஐ. முறையில் ‘பெர்ஸ்நேம்’ என்பதன் நடுவிலுள்ள என் என்னும் எழுத்து பெரியது. ஆவணக்காப்பகங்களின் விவரப்பட்டியல்களுக்கென வகுக்கப்பட்ட இ.ஏ.டி. முறையிலும் ‘பெர்ஸ்நேம்’ உண்டு. ஆயின் அதன் எழுத்துகள் யாவும் சிறியவை. டி.இ.ஐ. முறைக்குள்ளேயே, குடும்பப்பெயரைக் குறிக்கும் ‘சர்நேம்’, இடுபெயரைக் குறிக்கும் ‘ஃபோர்நேம்’ ஆகியவற்றின் ஈறு சிறிய எழுத்தில் தொடங்குகின்றது. ஆகையால் நான்காம் பிரிவில் காட்டிய வினா, ஈற்றைப் பெரிய எழுத்தில் தொடங்கி எழுதின் இவ்விரண்டையும் விட்டுவிடும். பெயர் முழுவதையும் சிறிய எழுத்தாக்கிய பின் ஒப்பிடுவதே இதற்கு மாற்று. ‘லோயர்-கேஸ்’ என்னும் செயற்கூறு அதனைச் செய்யும்.

பெயர்வெளி என்பது இதனினும் மறைவான இடர். ஒரே பெயரைப் பல துறையினர் வெவ்வேறு பொருளில் வழங்கக்கூடுமாதலால், இன்ன தொகுதியைச் சேர்ந்த பெயர் என்று காட்டும் அடையாளம் ஒன்றைப் பெயரோடு இணைப்பது வழக்கம். ஒரே ஊரில் இரு யோவான்கள் இருப்பின் தந்தை பெயரைச் சேர்த்துக் கூறுவதை இதற்கு ஒப்பிடலாம். டி.இ.ஐ.யின் நான்காம் பதிப்பில் இவ்வடையாளம் இல்லை. ஐந்தாம் பதிப்பின் உறுப்புகள் எல்லாம் ஒரு பெயர்வெளியைச் சேர்ந்தவை. எனவே நான்காம் பதிப்புக்கென எழுதிய வினா, எழுத்துப்பிழை எதுவுமின்றி இருப்பினும், ஐந்தாம் பதிப்புப் பாடத்தில் வெறுமையையே தரும். பெயர்வெளியை முறைப்படி அறிவித்துவிட்டுத் தேடுவது சிறந்தது. அஃது இயலாதபோது, முன்னே உடுக்குறியும் முக்காற்புள்ளியும் இட்டு, எந்தப் பெயர்வெளியாயினும் ஆகுக என்று கூற 2007-ஆம் ஆண்டுப் பதிப்பு இடந்தருகின்றது. பெயரின் பகுதியைச் சோதிக்கையில் ‘நேம்’ என்னும் செயற்கூற்றை விட்டு ‘லோக்கல்-நேம்’ என்பதையே நாம் பரிந்துரைப்பதற்கும் இதுவே காரணம். முன்னது பெயரோடு ஒட்டிய முன்குறியையும் சேர்த்தே தரும். அப்போது பெயரின் தொடக்கத்தைச் சோதித்தல் பயனற்றதாகும்.

7. தமிழில் இட்ட பெயர்கள்

உறுப்பின் பெயர் ஆங்கிலத்திலேயே இருத்தல் வேண்டும் என்னும் விதி இல்லை. தமிழ் எழுத்துகளாலும் பெயரிட எக்ஸ்.எம்.எல். முதற்பதிப்பிலிருந்தே இடந்தந்துள்ளது. யூனிகோடு எழுத்துத் தொகுதியில் 2005-இல் சேர்க்கப்பட்ட ‘ஶ’ என்னும் எழுத்து மட்டும், எக்ஸ்.எம்.எல். விதிகள் 2008-இல் ஐந்தாம் பதிப்பாகத் தளர்த்தப்பட்ட பின்னரே பெயர்களில் இடம்பெற்றது. தமிழ் ஏடுகளையும் பழைய மொழிபெயர்ப்புகளையும் குறியிடுவோர் தமிழ்ப் பெயர்களை மேற்கொள்ளின், பகுதித் தேடலில் அவர்கள் கருத வேண்டியவை சில உள.

கணினி தமிழ் எழுத்தை நாம் எண்ணுவதுபோல் எண்ணுவதில்லை. நமக்கு ‘கா’ ஓரெழுத்து. கணினிக்கு ககரமும் கால்குறியும் ஆகிய இரண்டு குறியீடுகள். ஆகவே ‘க’ என்று தொடங்கும் பெயரைத் தேடினால் ‘காலம்’, ‘குறிப்பு’, ‘கேள்வி’ ஆகியவையும் வரும். அவ்வாறே ‘ர’ என்று முடியும் பெயரைத் தேடினால் ‘பெயர்’ கிட்டாது. அதன் இறுதியில் புள்ளி தனிக்குறியீடாக நிற்கின்றது. ‘கொ’ என்னும் எழுத்தையோ இருவகையாக உள்ளிடலாம்: ஒற்றை ஒகரக்குறியாகவும், எகரக்குறியும் கால்குறியும் என இரண்டாகவும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒப்பிடும் கணினிக்கு வேறு. இரண்டையும் ஒருவழிப்படுத்தும் ‘நார்மலைஸ்-யூனிகோட்’ என்னும் செயற்கூற்றை இத்தகைய இடங்களில் பயன்படுத்துதல் வேண்டும்.

மொழியின் இயல்பாலும் மிகை நேரும். ‘இடப்பெயர்’, ‘ஆட்பெயர்’ முதலியவற்றை நாடிப் ‘பெயர்’ என்பதை உள்ளடக்கிய பெயர்களைத் தேடினால், ‘மொழிபெயர்ப்பு’ என்பதும் வந்து நிற்கும். ஈற்றை மட்டும் சோதித்தால் அது விலகும். திருத்தங்களை நாடித் ‘திரு’ எனத் தொடங்கும் பெயர்களைத் தேடினால், திருத்தத்தோடு திருச்சபையும் திருநாளும் திருப்பாடலும் வந்து சேரும்.

8. இருபடி முறை

இதுகாறும் கூறியவற்றை ஒருங்கு நோக்கின், பகுதித் தேடலை இரண்டு படிகளாகச் செய்வதே தக்கது என்பது விளங்கும்.

முதற்படியில் பாடத்தைத் தேடாமல் பெயர்களை மட்டும் தேடுதல் வேண்டும். தரவுத்தளத்தில் வரும் உறுப்புப்பெயர்கள் அனைத்தையும், ஒரு பெயர் ஒருமுறை மட்டும் வருமாறு, பட்டியலாகப் பெறலாம். ‘டிஸ்டிங்ட்-வேல்யூஸ்’ என்னும் செயற்கூறு இதற்கு உதவும். பேஸ்எக்ஸ் போன்ற தரவுத்தளங்கள் இத்தகைய பெயர் அட்டவணையைத் தாமே வைத்திருப்பதால் பட்டியல் நொடியில் கிட்டும். அப்பட்டியலில் நமக்குத் தெரிந்த பகுதியை ஒப்பிட்டு, பொருந்திய பெயர்களைக் கண்ணால் பார்த்து, நெறிமுறைகளில் அவற்றின் பொருளை வாசித்து, வேண்டியவற்றைக் கொண்டு வேண்டாதவற்றை விலக்குதல் வேண்டும். எழுத்தால் ஒவ்வாது பொருளால் ஒத்த பெயர்களும் அப்பட்டியலை முழுமையாக வாசிக்கும்போது கண்ணில் படும். இரண்டாம் படியில், தேர்ந்தெடுத்த முழுப்பெயர்களைக் கொண்டு பாடத்தை வினவுதல் வேண்டும்.

இம்முறை காலத்தையும் மிச்சப்படுத்துகின்றது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் ஏறத்தாழ 1,38,000 சொற்கள் உள்ளன. மேற்கூறிய பெயர்த்தெழுத்துகளில் ஒவ்வொரு சொல்லும் தனி உறுப்பாகக் குறியிடப்படுகின்றது. பெயரின் பகுதியை நேரே பாடத்தில் சோதிக்கப் புகுந்தால், கணினி ஒவ்வோர் உறுப்பின் முன்னும் நின்று அதன் பெயரைக் கேட்க வேண்டியிருக்கும். பல படிகள் சேர்ந்த தரவுத்தளத்தில் இது பல இலட்சம் முறை நிகழும். முழுப்பெயரைக் கொடுத்தாலோ, தரவுத்தளம் தன் அட்டவணையைப் பார்த்து அவ்வுறுப்புகள் இருக்குமிடத்துக்கே செல்லும். ஒத்தவாக்கிய அகராதியில் சொல்லைப் பார்த்து வசனத்துக்குச் செல்வதற்கும், ஆதியாகமம் தொடங்கி ஏடு ஏடாகப் புரட்டுவதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது.

இவ்விரண்டோடு ஒரு சோதனையையும் சேர்த்துக்கொள்ளுதல் நலம். விடை வெறுமையாக வரும்போது, அப்பாடத்தில் உறுதியாக உண்டு என்று நாம் அறிந்த வேறோர் உறுப்பை, அதே முறையில் எழுதிய வினாவால் தேடிப் பார்க்க வேண்டும். சொல்லைக் குறிக்கும் உறுப்பே கிட்டவில்லையெனின், குறை பெயர்வெளியிலோ பாதையிலோ உள்ளது. படியைப் பற்றி எதுவும் முடிவு செய்தல் தகாது. அது கிட்டி, நாம் தேடியது மட்டும் கிட்டாதிருந்து, பெயர்ப்பட்டியலிலும் அது இல்லையெனில், அக்குறியை அப்பதிப்பாளர் வழங்கவில்லை என்று கூறலாம். அப்போதுங்கூட, அவர் அதனை வேறு பெயராலோ பண்பாலோ குறித்திருக்கிறாரா என்று பாடத்தின் முகப்பிலுள்ள குறியீட்டு விளக்கத்தை வாசித்த பின்னரே, படியில் அது இல்லை என்று எழுதுதல் முறையாகும்.

9. முடிவுரை

கையெழுத்துப் படியை நேரில் ஆராய்ந்தவர், எந்த ஒளியில், எந்த ஏட்டில், எந்த வரியில் கண்டேன் என்று எழுதி வைப்பது மூலபாட ஆய்வின் மரபு. குறியிட்ட பாடத்தை ஆராய்பவர்க்கும் அதற்கு இணையான கடமை உண்டு. இத்தனை இடங்கள் என்று எண்ணிக்கையை மட்டும் கூறாது, எந்தப் பெயர்களைத் தேடினோம், எவற்றை விலக்கினோம், பாடத்தின் எந்தப் பதிப்பில் தேடினோம் என்பதையும் ஆய்வேட்டில் குறித்தல் வேண்டும். அவ்வாறு குறித்தால், பின்வருபவர் அதே வினாவை மீண்டும் கேட்டு விடையைச் சரிபார்க்க இயலும். நாம் விட்ட பெயர் ஒன்று இருப்பின் அதனைச் சேர்க்கவும் இயலும்.

பாதி அறிந்த பெயரோடு தேடத் தொடங்குவதில் தாழ்வொன்றுமில்லை. பாதியை முழுமையென எண்ணி அத்துடன் நின்றுவிடுவதே தவறு. பகுதி, பெயர்ப்பட்டியலுக்கு நம்மை அழைத்துச் செல்லட்டும்; பட்டியல், நெறிமுறைக்கு அழைத்துச் செல்லட்டும்; நெறிமுறை, பாடத்துக்கு அழைத்துச் செல்லட்டும். அவ்வாறு சென்றடைந்தவர், சிறு பப்பைரஸ் துண்டில் எஞ்சிய எழுத்துகள் எவை, அவற்றைச் சுற்றி அறிஞர் நிரப்பியவை எவை என்று தெளிந்து, தாம் அறிந்த அளவையே அறிந்ததாகக் கூறுவார்.